சரி என்று தலையாட்டியவர்கள் ஏன் முகாமுக்கு வரவில்லை?

காரைக்குடிப் பக்கம் ஓர் ஊரில் மகளிர் சுய உதவிக் குழுவை நடத்தும் ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாக: "மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டுக்கும் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் வைத்தோம். ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னோம், வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்தோம், டாக்டரம்மா வந்து கூட்டத்தில் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். முகாம் அன்று வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். படித்த, வசதியுள்ள வீட்டு ஆச்சிமார்களும் வரவில்லை. எங்கள் அயித்தைக்கு 72 வயது, அவரும் மாட்டேன் என்கிறார். இது அறியாமையா, பயமா, வெட்கமா? ஆராய்ச்சி என்ன சொல்கிறது? அடுத்த முகாமை எப்படி நடத்துவது?"

உங்கள் ஊர் மட்டும் இப்படி இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்தியா முழுவதற்கும் அது 1.9 சதவீதம். நாட்டிலேயே முன்னணியில் இருக்கிற மாநிலத்தில் பத்துக்கு ஒருவர்கூட இல்லை என்றால், ஒரு ஊர்ப் பெண்களின் அறியாமை என்று சொல்லி முடித்துவிட முடியாது.

இந்தக் கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேட்டவர்கள் புற்றுநோய்க்காரர்கள் இல்லை, காசநோய்க்காரர்கள். 1950-களில் அமெரிக்காவில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் வண்டிகளைத் தெருமுனைக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். காசு கிடையாது, வீட்டுப் பக்கத்திலேயே வண்டி. அப்படியும் நிறையப் பேர் வரவில்லை. அந்நாட்டுப் பொது சுகாதாரத் துறையில் இருந்த காட்ஃப்ரி ஹாக்பாம் என்ற உளவியலாளர் பாஸ்டன், கிளீவ்லாந்து, டெட்ராய்ட் நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பேசிப் பார்த்தார். 1958-இல் அவர் வெளியிட்டதன் சாரம் இது. 'எனக்கும் வரலாம், வந்தது தெரியாமலும் இருக்கலாம்' என்பது ஒரு நம்பிக்கை. 'முன்னாலேயே கண்டுபிடித்தால் பலன் உண்டு' என்பது இன்னொன்று. இரண்டும் இருந்தவர்களில் 82 சதவீதம் பேர் தாமாகப் போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டும் இல்லாதவர்களில் 21 சதவீதம் மட்டும். இர்வின் ரோசன்ஸ்டாக் முதலிய அவருடைய சகாக்கள் இதை விரித்து 'உடல்நல நம்பிக்கை மாதிரி' என்ற கோட்பாடாக்கினார்கள். நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், சோதித்தால் என்ன லாபம், போவதற்கு என்ன தடை, கிளம்ப வைக்கும் தூண்டுதல் ஏதாவது உண்டா என்பவை அதன் பாகங்கள். 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற தன்னம்பிக்கையைப் பிற்பாடு சேர்த்தார்கள்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்து முடித்தவரிடம் போய் 'நீங்கள் என்ன நம்புகிறீர்கள்' என்று கேட்டால், செய்ததற்கு ஏற்ற மாதிரிதான் பதில் வரும். நம்பிக்கையால் போனாரா, போனதால் நம்பினாரா என்று பிரிக்க முடியாது. பின்னாட்களில் பல ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுத்துப் பார்த்தபோது, எடை அதிகமாக இருந்தவை லாபமும் தடையும்தான். 'எனக்கு வரலாம்' என்ற எண்ணத்துக்கு எதிர்பார்த்த அளவு வலு இல்லை. நம் முகாம் நோட்டீஸ்கள் முக்கால் பக்கம் எதைப் பற்றிப் பேசுகின்றன என்று எடுத்துப் பாருங்கள். இத்தனை பெண்களில் ஒருவருக்கு வரும், இத்தனை பேர் சாகிறார்கள் என்றுதான் இருக்கும். வலு குறைந்த இடத்தில்தான் மையையெல்லாம் செலவழிக்கிறோம்.

எனவே தடையைப் பார்ப்போம். செட்டிநாட்டில் அது ஒரே மாதிரி இல்லை. செட்டிநாடு என்றால் நகரத்தார் வீடு என்று வெளியூரில் நினைக்கலாம். உங்கள் குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு முகாம் என்பது ஒரு நாள் சம்பளம். போதாததற்கு, மாதவிலக்கு நாளாக இருந்தால் இந்தச் சோதனை செய்ய மாட்டார்கள். அதை முன்னாலேயே யாரும் சொல்வதில்லை. வந்து திரும்பிப் போனவர் மறுபடி வர மாட்டார். ஆண் டாக்டர் இருப்பாரோ என்ற சந்தேகம், பள்ளிக்கூட வகுப்பறையில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருப்பார்கள் என்ற முன்னனுபவம், வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் சொல்லிவிட்டு வரவேண்டிய கட்டாயம் எல்லாம் அதற்கு மேல்.

பெரிய வீட்டு ஆச்சியின் கணக்கு வேறு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை நீளும் வீட்டில் அவரும் ஒரு வேலைக்காரப் பெண்ணும் மட்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் இலவச முகாமில் வரிசையில் நிற்க அவர் வர மாட்டார். மதுரைக்குக் கூட்டிப் போக ஆள் இல்லை. இன்னொன்றும் உண்டு, வாயைத் திறந்து யாரும் சொல்லாதது. பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் 'அந்த நோய்' என்ற பேச்சு எழுந்தால் பங்காளி வீடு வரை போய்விடும். சோதனைக்குப் போனார் என்பதே, ஏதோ இருந்ததால்தான் போனார் என்று ஆகிவிடும். உங்கள் கேள்வியில் 'படித்தவர்களும் வரவில்லை' என்று ஆச்சரியப்பட்டிருந்தீர்கள். படிப்பு அதிகமானால் இந்தக் கணக்கும் நுணுக்கமாகும், அவ்வளவுதான்.

சரி, பயம். பயமுறுத்தினால் வருவார்களா?

இதற்கு எனக்குப் பிடித்த சான்று புற்றுநோய் ஆய்வே இல்லை. 1965-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவென்தாலும் சகாக்களும் மாணவர்களுக்கு டெட்டனஸ் ஊசி பற்றிப் புத்தகம் கொடுத்தார்கள். சிலருக்குப் படங்களோடு குலைநடுங்க வைக்கும் புத்தகம், சிலருக்குச் சாதாரணமானது. பயந்தவர்கள் 'கட்டாயம் போட்டுக்கொள்வேன்' என்று அதிகம் சொன்னார்கள். ஆனால் போட்டுக்கொண்டதைப் பார்த்தால் பயத்தின் அளவு அதைத் தீர்மானிக்கவில்லை. சிலருடைய புத்தகத்தில் கூடுதலாக ஒன்று இருந்தது: சுகாதார நிலையம் எங்கே என்று குறித்த வளாக வரைபடம், எந்த நேரத்தில் திறந்திருக்கும், உங்கள் வார வேலைகளுக்கு நடுவில் எப்போது போவீர்கள் என்று பாருங்கள் என்ற குறிப்பு. அது இருந்தவர்களில் 28 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். இல்லாதவர்களில் 3 சதவீதம். யேல் மாணவர்களுக்கு அந்த இடம் எங்கே இருக்கிறது என்று தெரியாதா? நன்றாகத் தெரியும்!

பயம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் பயம் இருப்பவர் வருவார். அளவு மீறினால், 'தெரியாமல் இருப்பதே மேல்' என்று ஒதுங்கிக்கொள்வார். அதிலும் பயத்தை ஏற்றிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று வழி காட்டாமல் விட்டால், ஒதுங்குவதுதான் மனசுக்குச் சுலபமான வழி. முற்றிய நோயாளியின் படத்தை முகாம் பேனரில் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். 'சோதிக்காவிட்டால் இதை இழப்பீர்கள்' என்று சொல்வதா, 'சோதித்தால் இதைப் பெறுவீர்கள்' என்று சொல்வதா என்றும் பல வருடங்கள் ஆராய்ந்தார்கள். 1990-களில் மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேக்கு, இழப்பைச் சொல்வது நன்றாக வேலை செய்வதாகத் தோன்றியது. நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் மிகச் சிறியது என்று தெரிந்தது. நோட்டீஸ் வாசகத்தை எப்படி எழுதுவது என்று குழுவில் ஒரு சாயங்காலம் முழுக்க விவாதிக்க வேண்டியதில்லை.

லெவென்தாலின் வரைபடத்துக்கு வருகிறேன், விஷயம் அங்கேதான் இருக்கிறது. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. செய்வேன் என்று மனப்பூர்வமாகச் சொல்கிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர்தான் செய்கிறார்கள் என்று பாஸ்கல் ஷீரன் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். உங்கள் கூட்டத்தில் தலையாட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அது உண்மை.

அந்தப் பள்ளத்தைத் தாண்ட பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் ஒரு சின்ன வழி சொன்னார். 'செய்வேன்' என்பதோடு நிறுத்தாமல், எப்போது, எங்கே, எப்படி என்று அவரையே சொல்ல வைப்பது. ஷீரனும் ஷீனா ஆர்பெல்லும் இதை 2000-இல் இங்கிலாந்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கே செய்து பார்த்தார்கள். 'எப்போது, எங்கிருந்து, எப்படி அப்பாயின்ட்மென்ட் வாங்குவீர்கள்' என்று ஒரு தாளில் எழுதச் சொன்ன பெண்களில் 92 சதவீதம் பேர் போனார்கள். எழுதச் சொல்லாதவர்களில் 69 சதவீதம்.

இதைக் கேட்டு உடனே துள்ளிவிட வேண்டாம். பிற்பாடு அமெரிக்காவில் கேத்தரீன் மில்க்மன் குழு கிட்டத்தட்ட 12,000 ஊழியர்களுக்குக் குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கான (கொலோனோஸ்கோபி) நினைவூட்டல் அனுப்பியபோது, பாதிப் பேருக்குத் தேதியும் டாக்டர் பெயரும் எழுதிக்கொள்ள ஒட்டும் சீட்டு ஒன்றைச் சேர்த்தது. போனவர்கள் 6.2 சதவீதத்திலிருந்து 7.2 ஆனார்கள். ஒரு சீட்டின் விலைக்கு அது மோசமில்லை. ஆனால் 69-ஐ 92 ஆக்கிய மந்திரமும் இல்லை. என் கணிப்பு இது: ஏற்கெனவே போக மனம் உள்ளவருக்கு, போகிற வழியும் சுலபமாக இருந்தால், திட்டம் நன்றாகப் பலிக்கும். தடை பெரிதாக இருந்தால் தாளில் தேதி எழுதி ஒன்றும் ஆகாது.

நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து கிளம்பும் நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கும் வயதான ஆச்சிமார்களைப் பார்த்திருப்பீர்கள். ஆரம்ப சுகாதார நிலையமான பி.எச்.சி.க்கு அரை மைல் போகச் சோம்பும் அதே கால்கள். பக்தி காரணம், மறுக்கவில்லை. ஆனால் பக்தி உள்ள எல்லோரும் தனியாகக் கிளம்பிப் பழனிக்கு நடந்துவிடுவதில்லை. என்றைக்குப் புறப்படுவது, எங்கே தங்குவது, சாப்பாடு எங்கே, யார் யார் கூட வருகிறார்கள் என்பதெல்லாம் முன்னாலேயே முடிவாகியிருக்கிறது. அவர் முடிவெடுக்க வேண்டியது வருகிறேனா இல்லையா என்பது ஒன்றுதான். உங்கள் முகாமில் இதையெல்லாம் அந்தப் பெண்ணே யோசிக்க வேண்டியிருந்தது.

அடுத்து, யார் கூப்பிடுவது. எந்த நாட்டில் ஆய்வு செய்தாலும், பரிசோதனைக்குப் போனவர்களிடம் அடிக்கடி காணப்படும் காரணம் 'டாக்டர் சொன்னார்' என்பது. மேடையில் மைக் பிடித்துச் சொல்வது அதில் சேராது. எதிரில் உட்கார வைத்து, பெயர் சொல்லி, 'நீங்கள் செய்துகொள்ளுங்கள்' என்று சொல்வது. உங்கள் டாக்டரம்மா கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசுவதைவிட, வெளிநோயாளியாக வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் அரை நிமிடம் சொன்னால் பலன் கூடும் என்று நினைக்கிறேன். ஊரில் டாக்டர் இடத்தில் இருப்பவர் வி.எச்.என். என்கிற கிராம சுகாதார நர்ஸ். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்குப் பிறகு, பிரஷரும் சுகரும் பார்க்க வீட்டுக்கே வரும் பெண் தன்னார்வலரும் உண்டு. வீட்டு வாசல்படி ஏறி வந்து பழகிய முகம் சொன்னால் காது கேட்கும்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை என்பதற்கு நமக்குப் பக்கத்து மாவட்டமே சாட்சி. 2000-இல் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை கிறித்தவ மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. தலைமை தாங்கியவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன். சோதனை எளிமையானது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, பஞ்சால் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. மாறத் தொடங்கிய இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். வீடு வீடாகப் போய்ப் பெயர் எடுத்து, ஆளாளுக்கு அழைத்து, ஊருக்குப் பக்கத்திலேயே சோதித்தார்கள். 30 முதல் 59 வயது வரை அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர், அதாவது 63.6 சதவீதம் வந்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது: சோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோயால் இறப்பது, நடக்காத பகுதிகளைவிட 35 சதவீதம் குறைவு. வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டே இவ்வளவு. நம் பெண்கள் வர மாட்டார்கள் என்று சொல்பவரிடம் இந்த 63.6-ஐச் சொல்லுங்கள். அடையாறு மருத்துவமனையை 1954-இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நம் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பதையும் கூட்டத்தில் சொல்லலாம். ஆய்வுச் சான்றாக இல்லாவிட்டாலும் ஆச்சிமார்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வெட்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதை ஒரு மனத்தடை என்று மட்டும் பார்த்துப் 'போக்க' முயல்வது வீண் வேலை என்பது என் கருத்து. காலை விரித்துப் படுப்பதற்கு வெட்கப்படுவதில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? திருத்த வேண்டியது ஏற்பாட்டை. அர்ஜென்டினாவின் ஹுஹுய் மாகாணத்தில் சில்வினா அரோசி குழு செய்தது இதைத்தான். எச்பிவி என்ற வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, மாதிரியைப் பெண்ணே தன் வீட்டில் ஒரு சின்னப் பிரஷால் எடுத்துக் கொடுக்கலாம். வழக்கமாக வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் பிரஷை நீட்டி, 'இப்போதே எடுத்துத் தருகிறீர்களா' என்று கேட்டார். அப்படிக் கேட்கப்பட்ட பெண்களில் 86 சதவீதம் பேர் சோதித்துக்கொண்டார்கள். 'சுகாதார நிலையத்துக்குப் போங்கள்' என்று அதே பணியாளரால் சொல்லப்பட்டவர்களில் 20 சதவீதம். அதே மாகாணம், அதே வகைப் பெண்கள், அதே அறிவுரை. சோதனை நடக்கும் இடமும் விதமும் மாறின, அவ்வளவுதான். இந்தத் துறையில் ஒரே ஓர் ஆய்வைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படிக்கச் சொல்வேன். தானே மாதிரி எடுப்பதை உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்த வசதி இருக்கிறதா என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

எச்பிவி சோதனை என்றால் ஒரு புதுச் சிக்கலும் வரும். உடலுறவில் தொற்றுவது என்று தெரிந்ததும் 'அப்படியென்றால் அவர் எங்கே போனார்' என்ற கேள்வி வீட்டுக்குள் நுழையும். இது மிகப் பரவலான கிருமி, வாழ்நாளில் பெரும்பாலோருக்கு ஒரு தடவையாவது வந்து போகிறது, பல வருடம் சும்மாவும் இருக்கும் என்று சேர்த்துச் சொன்னால் அவமான உணர்ச்சி குறைகிறது என்று பிரிட்டனில் பார்த்திருக்கிறார்கள். அதைச் சோதனைக்கு முன்னால் சொல்ல வேண்டும். முடிவைக் கையில் கொடுத்த பிறகு சொன்னால் சமாதானம் மாதிரி இருக்கும்.

சோதனை மேசையில் நடப்பதும் அடுத்த முகாமின் வருகையைத் தீர்மானிக்கும். கனடாவில் டொனால்ட் ரெடல்மேயரும் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானெமனும் குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு வந்த 682 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்குச் சோதனை முடிந்த பிறகும் குழாயின் நுனியைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்திருந்து எடுத்தார்கள். மொத்த நேரம் கூடியது, கடைசி நிமிடங்களின் வலி குறைந்தது. அவர்கள் பிற்பாடு அதைக் குறைந்த வலியாக நினைவுகூர்ந்தார்கள், மறுபடி சோதனைக்கு வருவதும் ஓரளவு கூடியது. ஊர் முகாமில் இதன் பொருள் மிகச் சாதாரணம். உள்ளே பார்ப்பதற்காக வைக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வெடுக்கென்று எடுத்து 'அடுத்த ஆள்' என்று கூப்பிடக் கூடாது. எழுந்து சேலையைச் சரிசெய்ய நேரம் கொடுத்து, 'முடிஞ்சது ஆச்சி, நல்லா ஒத்துழைச்சீங்க' என்று சொல்லி அனுப்ப வேண்டும். முதலில் போய்விட்டு வரும் நாலு பேர் வெளியே என்ன சொல்கிறார்களோ, அதுதான் மீதிப் பேருக்கு நோட்டீஸ்.

உங்கள் அயித்தை விஷயம். அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுக்கும் முகாம் பரிசோதனை 30 முதல் 65 வயது வரைதான். அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை, மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனவர்களுக்குச் சரியாகப் பயன்படாது, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடும். வேறு நோய்க்காகக் கர்ப்பப்பையை வாயோடு முழுதாக எடுத்துவிட்டவர்களுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. ஆனால் ஒன்றை அவரிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள்: மாதவிலக்கு நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா, மார்பில் கட்டி தட்டுப்படுகிறதா, வாயில் ஆறாத புண் இருக்கிறதா. இருந்தால் அது முகாம் விஷயமே இல்லை, அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியது. அறிகுறி இல்லாதவரைச் சோதிப்பதுதான் ஸ்கிரீனிங். அறிகுறி உள்ளவர் 'அடுத்த முகாமில் பார்த்துக்கொள்கிறேன்' என்று காத்திருப்பது ஆபத்து. நல்ல முகாம்களால்கூட இந்தக் குழப்பம் வருகிறது.

அறிவுரையைக் கேட்காதவர்களைப் பற்றியே பேசுகிறோம், அளவுக்கு மீறிக் கேட்பவர்களும் உண்டு. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்கக் கருத்துக்கணிப்பில் முழு உடம்பு ஸ்கேனா, ஆயிரம் டாலர் பணமா என்று கேட்டபோது 73 சதவீதம் பேர் ஸ்கேனைக் கேட்டார்கள். தென் கொரியாவில் கழுத்து அல்ட்ராசவுண்ட் பழக்கமானதும் தைராய்டு புற்றுநோய்க் கண்டுபிடிப்பு 1993-க்கும் 2011-க்கும் இடையே 15 மடங்கானது. இறப்பு அப்படியே இருந்தது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலும் தொல்லை தராத கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் தைராய்டை எடுத்துவிட்டு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். நம் பக்கத்தில் மணிவிழா முடிந்த கையோடு பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி 'மாஸ்டர் செக்கப்' ஏற்பாடு செய்வார்கள். அதில் 'கேன்சர் மார்க்கர்' என்று சிஏ-125 மாதிரி ரத்தச் சோதனைகளும் சேர்ந்து வரும். சினைப்பைப் புற்றுநோய்க்கு இந்தச் சோதனையை வைத்து அறிகுறி இல்லாத பெண்களைச் சோதித்துப் பார்ப்பதால் இறப்பு குறையவில்லை என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. இதே ஆச்சி பி.எச்.சி. நர்ஸின் இலவசச் சோதனைக்கு வர மாட்டார் என்பதுதான் வேடிக்கை. விலையுயர்ந்தது நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

அடுத்த முகாமுக்கு நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். மைக் ஆட்டோவை விட்டுவிடுவேன், அந்தப் பணத்தை இரண்டு ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பேன். 30 முதல் 65 வரை வயதுள்ளவர்கள் பெயரை வீடுவாரியாக எழுதி, குழு உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் தெரிந்த வீடுகளாக நாலைந்தைக் கொடுப்பேன். 'முகாம் இருக்கு, வாங்க' என்று யாரும் சொல்லக் கூடாது. 'அக்கா, வியாழக்கிழமை பத்தரைக்கு உங்களுக்கு நேரம் போட்டிருக்கு. அன்னிக்கு விலக்கு நாளா இருந்தா அடுத்த வியாழன் மாத்திடலாம். பத்து மணிக்கு நான் வர்றேன், சேர்ந்து போவோம்' என்று சொல்ல வேண்டும். நேரத்தை முன்னாலேயே போட்டுவிட்டு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளச் சொல்வது, அவரை வந்து நேரம் கேட்கச் சொல்வதைவிட நன்றாக வேலை செய்கிறது. சோதிப்பவர் பெண் நர்ஸ்தான் என்று அவர் பெயரையே சொல்லிவிடுங்கள். ஒரே நாள் கூட்டத்துக்குப் பதில் சில வாரங்களுக்குப் பி.எச்.சி.யில் குறிப்பிட்ட கிழமை வைத்தால் நல்லது. அங்கே நிற்பவர் பிரஷர் பார்க்க வந்தவராகவும் இருக்கலாம், பங்காளி வீட்டார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பாத்திரம், சேலை என்று பரிசு அறிவிக்க வேண்டாம். அமெரிக்காவில் சிறு பணம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் வருகை கூடவில்லை. பரிசு வைத்தால் 'எதற்காக இவ்வளவு கொடுக்கிறார்கள்' என்ற சந்தேகம் வேறு. சம்பளம் போகிறவருக்கு அந்தச் சம்பளத்தை ஈடுசெய்ய முடிந்தால் அது வேறு விஷயம், அதைச் செய்யுங்கள்.

சோதனைக்கு முன் நர்ஸ் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் உண்டு. திண்டுக்கல்லில் வந்த பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் சோதனையில் வெளுப்புத் தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. 'பத்துப் பேரில் ஒருத்தருக்கு மேல்சோதனைக்கு எழுதிக் கொடுப்போம், அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை' என்று முன்கூட்டியே கேட்டிருந்தால், சீட்டு வாங்கும் பெண் வீட்டில் ஒளித்து வைக்க மாட்டார். திண்டுக்கல்லில் தேவைப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அதே வருகையிலேயே உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே எந்தக் கிழமை, எந்த அறை, யாரைப் பார்ப்பது என்று முகாமுக்கு முன்பே கேட்டு வைத்துவிடுங்கள். நியூயார்க் ஹார்லெமில் ஹெரால்ட் ஃபிரீமன் என்ற அறுவை மருத்துவர் 1990-இல், சந்தேகத்துக்கிடமான முடிவு வந்த ஏழைப் பெண்களோடு கூடவே இருந்து மருத்துவமனைக் காகிதங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டார். சோதனையைக் குறைந்த செலவில் கிடைக்கச் செய்ததும் இதுவும் சேர்ந்து, அங்கே மார்பகப் புற்றுநோயோடு ஐந்து ஆண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 39 சதவீதத்திலிருந்து 70 ஆனார்கள். உங்கள் குழுவில் இரண்டு பேரை இந்த வேலைக்கு மட்டும் ஒதுக்குங்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது, முதல் தடவை கூடப் போவது, திரும்பி வந்ததும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வி.எச்.என்.னிடம் கேட்டு எழுதி வைப்பது. மேல்சோதனைக்கு எழுதப்பட்ட கடைசிப் பெயருக்கு எதிரே டாக்டரின் பதில் விழும்வரை முகாம் கணக்கை மூட வேண்டாம். மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்பும்போதும் வந்தவர்கள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அந்த எண்ணிக்கையையும் எழுதுங்கள்.